புனைகதையும் இளம் வாசகர் தீர்ப்பும்

தோற்றுவாய்

ஒரு கதைநூலைப் படித்து முடித்த மாணாக்கனை அழைத்து, "தம்பி, நூல் எப்படி?" என்று வினவினால், அவன் தரும் விடை பெரும்பாலும் ஒரு சொல்லாகவே இருக்கும். "நல்லது" என்பான், அன்றேல் "பரவாயில்லை" என்பான். "எதனால் நல்லது?" என்று மேலும் ஒரு வினாவைத் தொடுத்தால் மௌனமே மறுமொழியாகும். அதே மாணாக்கன் பரீட்சை மண்டபத்திற் புகுந்ததும், தான் முழுதும் படித்தறியாத காவியமொன்றின் சிறப்பைப்பற்றி நான்கு பக்கம் எழுதிவிடுவான். அந்நான்கு பக்கமும் பிறரொருவர் கண்ட நயம். குறிப்புப் புத்தகத்தினின்றும் மனனஞ் செய்யப்பட்டது. படித்த நூலைப்பற்றிச் சொல்ல ஒரு சொல்லும், படியாத நூலைப்பற்றி எழுத நான்கு பக்கமும் உடையவனாய் ஒருவன் பாடசாலையை விட்டு வெளியேறுவானாயின், அவன் பெற்ற இலக்கியக் கல்வி எத்தகையது என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும்.

இக்குறைக்கு மருந்து தேடுவோர்க்கு உதவக்கூடிய வரலாறு ஒன்று உண்டு. சென்ற நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வாழ்ந்த சிறுவரும் இளைஞரும் விஞ்ஞானப் புனைகதைகளையும் மாயப் புனைகதைகளையும் படித்துத் தம்முள் அபிப்பிராயம் பரிமாறிய வரலாறே அது. அறியப்பட்ட இயற்கை விதியொன்றை அடிப்படையாகக் கொண்டு, "இவ்வாறு நேர்ந்தால் என்னாகும்?" என்று கேட்டு வளர்வது விஞ்ஞானப் புனைகதை. பிரான்சிய ஆசிரியர் ஜூல் வேண் 1870ஆம் ஆண்டிற் கடலடிக் கப்பலைக்கொண்டு எழுதிய கதையும், ஆங்கில ஆசிரியர் வெல்ஸ் 1895இற் கால யந்திரத்தைக்கொண்டு எழுதிய கதையும் இதன் முன்னோடிகள். தனக்கென வேறோர் உலகையும், அவ்வுலகுக்கென வேறு விதிகளையும் படைத்துக்கொள்வது மாயப் புனைகதை.

இவ்விரு வகை நூல்களையும் ஈண்டு தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. நெடுங்காலம் கற்றோர் இவற்றை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. பல்கலைக் கழகங்கள் பாடமாக வைக்கவில்லை. குறிப்புப் புத்தகம் எழுதுவாரும் இலர். ஆகவே இவற்றைப் படித்த இளைஞர் தம் கண்ணாற் கண்டு, தம் அறிவால் நிறுத்துத் தீர்ப்புக் கூற வேண்டியவராயினர். பிறர் தீர்ப்பு இல்லாத இடத்தில் அவர்தம் தீர்ப்பு வளர்ந்தது.

ஒரு சிலிங் பெற்ற மதிப்புரை

1936ஆம் ஆண்டில் இலண்டனிற் புத்தக வெளியீட்டாளராக விளங்கிய ஸ்ரான்லி அன்வின் என்பாரிடம் ஒரு கையெழுத்துப் பிரதி வந்தது. எழுதியவர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக் கழகத்திற் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் ரொல்கீன். கதையோ, நிலத்தடி வளையில் வாழும் ஒரு குறுமனிதன், குள்ளர் கூட்டத்தோடு சென்று, பறவைநாகம் ஒன்று காத்துக் கிடந்த புதையலைத் தேடும் கதை. சிறுவர் நூலுக்குச் சிறுவரே தக்க நடுவர் என்பது அன்வின் கொள்கை. ஆதலின் அவர் அப்பிரதியைத் தம் மகன் றெய்னர் கையிற் கொடுத்தார். றெய்னருக்கு அப்பொழுது வயது 10. படித்து மதிப்புரை எழுதினால் ஒரு சிலிங் கூலி.

அவ்வாண்டு ஒக்ரோபர் மாதம் 30ஆந் திகதியிட்டு அச்சிறுவன் எழுதிய மதிப்புரை ஒரு சிறு பந்தியே. அதனுள் மூன்று கூறுகள் அடங்கியிருந்தன. முதலிற் கதைச் சுருக்கம்: வீட்டை விட்டு அகலாத நாயகன் எவ்வாறு புறப்படத் தூண்டப்பட்டான், எவரோடு பொருதான், ஈற்றில் எவ்வாறு செல்வனாய் மீண்டான் என்பது. அடுத்து நூலின் அமைப்பு: தேசப்படங்கள் இருப்பின் வேறு சித்திரங்கள் வேண்டா என்பது. மூன்றாவது, நூல் எவர்க்கு உரியது என்பது: 5 வயது முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகள் யாவரும் விரும்புவர் என்று எழுதினான். தான் 10 வயதை எய்திவிட்ட பெருமை அவ்வரியிற் சற்றே தொனிக்கின்றது.

'ஹொபிற்' என்னும் அந்நூல் 1937ஆம் ஆண்டு செப்ரெம்பர் 21ஆந் திகதி வெளிவந்தது. முதற் பதிப்பு 1,500 பிரதிகள். ஆண்டு முடியுமுன் அவை விற்றுத் தீர்ந்தன. சித்திரம் வேண்டா என்ற சிறுவனின் கருத்து ஏற்கப்படவில்லை. ஆசிரியர் தாமே வரைந்த படங்களோடுதான் நூல் வந்தது. வயதெல்லை பற்றிய கணிப்பும் பிழைத்தது. முதியோரும் அதனை விரும்பிப் படித்தனர். ஆனால் 'நூல் நன்று. அச்சேறத் தக்கது' என்ற முதன்மையான தீர்ப்பு நிலைத்தது. தீர்ப்பின் ஒரு பகுதி பிழைத்தமையால் முழுவதும் பயனற்றுப் போகவில்லை என்பதை மாணாக்கர் கவனித்தல் வேண்டும். பிழைபட்டுவிடுமோ என்று அஞ்சி வாய் திறவாதிருப்பவன் சரியானதைக் கூறும் வாய்ப்பையும் இழக்கின்றான்.

இவ்வரலாறு அத்துடன் முடியவில்லை. றெய்னர் வளர்ந்து தந்தையாரின் நிறுவனத்திற் பணியாற்றிய காலத்தில், ரொல்கீனின் பெருநூலாகிய 'மோதிரங்களின் தலைவன்' அவர் முன் வந்தது. அதனை வெளியிட்டால் ஆயிரம் பவுண் வரை நட்டம் நேரலாம் என்று அவர் கணித்தார். ஆயினும் அது மேதையொருவரின் ஆக்கம் என்று தந்தையார்க்கு எழுதினார். அவ்வாறு நம்பினால் அந்நட்டத்தை ஏற்கலாம் என்று தந்தையார் இசைந்தார். 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த அந்நூல் உலகமெங்கும் பரவிய செய்தி யாவரும் அறிந்ததே. 10 வயதில் ஒரு சிலிங்குக்கு எழுதிப் பழகிய கை, முப்பதை அணுகும் வயதில் ஆயிரம் பவுண் பெறுமதியான தீர்ப்பை அஞ்சாது எழுதிற்று.

தாயும் மகனும் வழக்காடிய கதை

இன்னொரு செய்தி. ரொல்கீனின் நண்பராகிய சி. எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை 'நார்னியா' என்னும் மாய நாட்டைப்பற்றி ஏழு நூல்களை ஆண்டுக்கு ஒன்றாக வெளியிட்டார். அந்நாடு தோன்றிய வரலாற்றைக் கூறும் நூல் வெளியீட்டு வரிசையில் ஆறாவதாகவே வந்தது. எனவே, வெளிவந்த வரிசையிற் படிப்பதா, கதை நிகழும் கால வரிசையிற் படிப்பதா என்னும் ஐயம் எழுந்தது. அமெரிக்கச் சிறுவன் ஒருவன் கால வரிசையே தக்கது என்றான். அவன் தாயார் வெளியீட்டு வரிசையே தக்கது என்றார். வழக்கு ஆசிரியரிடம் சென்றது.

1957ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் லூயிஸ் அச்சிறுவனுக்கு மறுமொழி எழுதினார். தாயாரின் வரிசையிலும் சிறுவனின் வரிசையே தமக்குக் கூடுதலாக உடன்பாடு என்றார். எனினும் எவ்வரிசையிற் படித்தாலும் பெரிய வேறுபாடு இல்லையெனவும் சேர்த்துக்கொண்டார். பிற்காலத்திற் பதிப்பாளர் அந்நூல்களுக்குக் கால வரிசைப்படி இலக்கமிட்டனர். அவ்விலக்கம் சரியன்று என்று வாதிடுவோர் இன்றும் உளர். புதிர் முதலில், விடை பின்னர் என்னும் இன்பம் கால வரிசையிற் கெடுகின்றது என்பது அவர் வாதம். இரு பக்கத்திலும் காரணம் உண்டு. காரணம் உள்ள வழக்கு, தீராவிடினும் பயன் தருவது.

கடிதப் பகுதியிற் பிறந்த கூட்டம்

தனித்தனிச் சிறுவர் கூறிய கருத்தை இதுகாறும் கண்டோம். இனி அவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்ட வரலாற்றைக் காண்போம். 1926ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் நியூயோர்க் நகரில் ஹியூகோ கேர்ன்ஸ்பாக் என்பார் 'அமேசிங் ஸ்ரோறீஸ்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். விஞ்ஞானப் புனைகதைக்கென்றே ஆங்கிலத்தில் எழுந்த முதற் சஞ்சிகை அது. அடுத்த ஆண்டு முதல் அதில் வாசகர் கடிதப் பகுதி இடம்பெற்றது. கடிதம் எழுதியவரின் பெயரோடு முழு முகவரியும் அச்சிடப்பட்டது. இச்சிறு செயல் பெரும் பயனை விளைத்தது. ஓரூரில் தனித்திருந்து, தன்னையொத்த சுவையுடையார் உலகில் எவருமிலர் என்று எண்ணியிருந்த இளைஞன், அயலூரில் ஒருவன் இருப்பதைக் கண்டான். அவனுக்கு நேரே கடிதம் எழுதினான். கடிதம் நட்பாயிற்று, நட்புக் கழகமாயிற்று.

1930ஆம் ஆண்டு மே மாதம், அத்தகைய கழகமொன்று 'த கொமெற்' என்னும் சிறு ஏட்டை வெளியிட்டது. அதனைப் பின்பற்றி இளைஞர் பலர் தாமே எழுதி, தாமே படியெடுத்து ஏடுகள் நடாத்தினர். கிளீவ்லன்ட் நகரிற் பாடசாலை மாணாக்கராயிருந்த ஜெறி சீகல், ஜோ ஷுஸ்ரர் என்னும் நண்பர் இருவர் 1932இல் அவ்வாறான ஏடொன்றைத் தொடங்கினர். அடுத்த ஆண்டு அதில் வெளியான கதையொன்றில் 'சுப்பர்மான்' என்னும் பெயர் முதலில் இடம்பெற்றது. 1938இல் அப்பெயரோடு அச்சேறிய சித்திரக்கதை நாயகனை அறியாத சிறுவர் இன்று அரியர். றே பிறட்பெரி என்னும் எழுத்தாளரும் 1939இல், 20 வயது நிரம்புமுன், தமக்கென ஓர் ஏட்டைத் தொடங்கி நான்கு இதழ் வெளியிட்டார்.

இவ்விளைஞர்க்கு வீட்டில் ஆதரவு இருந்ததோவெனின், எல்லார்க்கும் இருந்தது என்று கூறுதற்கில்லை. ஐசாக் அசிமோவின் தந்தையார் நியூயோர்க் நகரின் புறூக்கிளின் பகுதியில் இனிப்புப் பண்டக் கடை வைத்திருந்தார். கடையிற் சஞ்சிகைகளும் விற்கப்பட்டன. அவை மலிந்த கதைகள் என்று கருதி, மகன் அவற்றைத் தொடுதலாகாது என்று தந்தையார் தடுத்தார். 1929இல், 9 வயதுச் சிறுவனாகிய அசிமோவ் ஒரு சஞ்சிகையின் அட்டையில் 'விஞ்ஞானம்' என்னும் சொல் இருத்தலைச் சுட்டி, இது கல்விக்கு உதவும் என்று வாதிட்டு அனுமதி பெற்றான். பின்னர் 1935 முதல் அவர் எழுதிய வாசகர் கடிதங்கள் 'அஸ்ரவுண்டிங்' என்னும் சஞ்சிகையில் வெளிவரலாயின. இதழிலுள்ள கதைகளைத் தரவாரியாக நிரைப்படுத்தி, இது இன்ன காரணத்தாற் சிறந்தது, அது இன்ன காரணத்தாற் குறையுடையது என்று எழுதுவது அவர் வழக்கம். அவருடைய முதற் கதை 1939 மார்ச் மாதத்தில் 'அமேசிங் ஸ்ரோறீஸ்' சஞ்சிகையில் அச்சேறியது. பிறர் கதையின் குறையை ஆராயப் பழகியவர் தம் கதையின் குறையைக் காணவும் கற்றார் என்று கொள்ளுதல் தவறாகாது.

இலங்கையை இல்லமாக்கிய வாசகர்

இவ்வாறு வளர்ந்த வாசகருள் ஒருவர் நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடையவர். ஆதர் சி. கிளாக் 1917ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சோமசெற் பகுதியிலுள்ள மைன்ஹெட் என்னும் கடற்கரை ஊரிற் பிறந்தார். அமெரிக்கச் சஞ்சிகைகளின் பழைய பிரதிகளைச் சிறுவயதிற் சேர்த்துப் படித்தார். ரோன்ரன் நகரில் தாம் கற்ற பாடசாலையின் சஞ்சிகையில் எழுதிப் பழகினார். 1937ஆம் ஆண்டு ஜனவரி மாதம் லீட்ஸ் நகரில், விஞ்ஞானப் புனைகதை வாசகர் சிலர் ஒரு மண்டபத்திற் கூடினர். வந்தவர் மிகச் சிலரே. அவருள் 19 வயதினராகிய கிளாக்கும் ஒருவர். உலகில் இவ்வகை வாசகர் முன்கூட்டியே திட்டமிட்டு நடாத்திய முதல் மாநாடு அதுவெனப் பலர் கருதுவர்.

அந்நாளில் வாசகர் ஏடுகளுக்குக் கட்டுரை எழுதிய அவ்விளைஞரே, 1945ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 'வயர்லெஸ் வேள்ட்' என்னும் சஞ்சிகையில், பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் நிலையங்கள் மூன்று இருப்பின் உலகமெங்கும் செய்தி அனுப்பலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார். இன்று அவ்வுயரத்திற் செய்மதிகள் பல இயங்குகின்றன. 1956இல் இலங்கைக்கு வந்து தங்கிய அவர், 2008 மார்ச் 19இற் கொழும்பில் மறையும் வரை இந்நாட்டையே இல்லமாகக் கொண்டார். தம் தோழர் மைக் வில்சனோடு திருகோணமலைக் கடலடியிற் கோணேசர் கோயிலின் இடிபாடுகளை ஆராய்ந்து, அச்செய்தியை 1957இல் நூலாகவும் எழுதினார். 1979இல் வெளிவந்த 'சுவர்க்கத்தின் ஊற்றுக்கள்' என்னும் கதையிற் சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் உருமாற்றி, மலையுச்சியினின்றும் விண்ணுக்கு ஏறும் தூக்கியொன்றைக் கற்பனை செய்தார். மொறட்டுவைப் பல்கலைக் கழகத்தின் வேந்தராகவும் பல்லாண்டு விளங்கினார். லீட்ஸ் மண்டபத்தில் அமர்ந்து கதைகளைப்பற்றி உரையாடிய இளைஞனின் பயணம் இவ்வாறு நம் கரையை வந்தடைந்தது.

பிணக்கும் படிப்பினையும்

இவ்வரலாற்றின் நல்ல பக்கத்தை மாத்திரம் காட்டுதல் முறையாகாது. 1939ஆம் ஆண்டு யூலை மாதம் நியூயோர்க்கில் முதலாவது உலக மாநாடு நடைபெற்றது. ஏறத்தாழ 200 பேர் வந்தனர். நடாத்தியவர்களும் இளைஞரே, அவர்களுள் ஒருவராகிய சாம் மொஸ்கோவிற்சுக்கு வயது 19. ஆனால் அந்நகரில் இருந்த இன்னொரு வாசகர் குழுவினரோடு அவர்களுக்குப் பிணக்கு இருந்தது. அதன் பயனாக, பிரெடெரிக் போல் உள்ளிட்ட அறுவர் வாயிலிலே தடுக்கப்பட்டனர். அவ்வறுவரிற் சிலர் பிற்காலத்தில் அத்துறையிற் பெயர்பெற்ற எழுத்தாளராயும் பதிப்பாசிரியராயும் விளங்கினர் என்பதை நினையுங்கால், அக்கதவடைப்பு எத்துணைச் சிறுமையுடையது என்பது புலனாகும்.

நூலைப்பற்றிய கருத்து வேறுபாடு ஆளைப்பற்றிய பகையாக மாறும்போது வாசகர் கூட்டம் கட்சிக் கூட்டமாகிவிடுகின்றது. இஃது இளைஞர்க்கு மட்டும் உரிய குறையன்று. முதியோர் சங்கங்களும் இதனின்றும் தப்பியதில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியொன்றும் உண்டு. 1970இல் லறி நிவென் என்னும் அமெரிக்க ஆசிரியர் 'றிங்வேள்ட்' என்னும் கதையை வெளியிட்டார். ஒரு விண்மீனைச் சுற்றி, பூமிக்கும் சூரியனுக்கும் இடையேயுள்ள தூரத்தை ஆரையாகக் கொண்டு அமைக்கப்பட்ட மாபெரும் வளையத்தின் உட்பரப்பில் மக்கள் வாழ்வதாக அதில் வருகின்றது. 1971இற் பொஸ்ரன் நகரில் நடந்த உலக மாநாட்டில், மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவக மாணவர் சிலர், "வளையம் நிலைக்காது" என்று நடைக்கூடங்களில் உரத்துக் கூறித் திரிந்தனர். அவர் கூறியது வெறுங்கூச்சலன்று, கணிதம். வளையம் தன் நடுவிலுள்ள விண்மீனினின்றும் இம்மியளவு விலகினும், அவ்விலகல் தானே பெருகி, ஈற்றில் வளையம் விண்மீனோடு மோதும். ஆசிரியர் இதனை அவமதிப்பாகக் கொள்ளவில்லை. பின்னர் எழுதிய தொடர்நூலில், வளையத்தை நிலைநிறுத்தும் உந்துபொறிகளைப் புகுத்தி, அக்குறையையே கதைக்குக் கருவாக்கினார். மாணவர் நூலைத் தாக்கினர், ஆசிரியரைத் தாக்கவில்லை. ஆதலின் நூல் வளர்ந்தது.

நன்னூல் தரும் அளவுகோல்

இனி, நூலொன்றை ஆராய்தற்கு நம் மாணாக்கரிடத்து அளவுகோல் உண்டா என்று வினவலாம். அஃது அவர் அறியாமலே அவர் கையில் உள்ளது. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலின் குற்றம் பத்தையும் அழகு பத்தையும் தொகுத்துரைத்தார். இலக்கண வகுப்பில் அவற்றை மனனஞ் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றோம். அவற்றை ஒரு புனைகதையின்மேல் வைத்துப் பார்ப்பதே தகும்.

மாறுகொளக் கூறல் என்பது ஒரு குற்றம். மந்திரவாதி ஒருநாளில் ஒரு மந்திரமே உச்சரிக்க வல்லவன் என்று முதலாம் அதிகாரத்திற் கூறிய ஆசிரியர், பத்தாம் அதிகாரத்தில் நாயகனைக் காப்பாற்றும் பொருட்டு அவனை மூன்று மந்திரம் உச்சரிக்கச் செய்வாராயின், அக்குற்றத்துக்கு ஆளாகின்றார். மற்றொன்று விரித்தல் இன்னொன்று. விண்கலத்தின் பயணத்தைக் கூற வந்தவர் அதன் இயந்திரத்தை விவரிக்கத் தொடங்கி, முப்பது பக்கம் கதையை மறந்துவிடுதல் இதன்பாற்படும். சென்று தேய்ந்து இறுதல் என்பதற்கு விளக்கமே வேண்டியதில்லை. முதற் பாகம் விற்றது என்பதற்காக ஏழாம் பாகம் வரை இழுத்த தொடர்கதைகளைப் படித்த எந்தச் சிறுவனும் அதனை உணர்வான். அவ்வுணர்ச்சிக்குப் பெயருண்டு என்பதைத்தான் அவன் அறியான்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். பத்து அழகினுள் உலகம் மலையாமையும் ஒன்றன்றோ? உயர்ந்தோர் வழக்கோடு மாறுபடாமை என்பது அதன் பொருள். பறவைநாகமும் கால யந்திரமும் உலகத்தில் இல்லாதனவாதலின், இக்கதைகள் யாவும் அவ்வழகை இழந்தன ஆகாவோ? இதற்கு விடையை அத்துறை ஆசிரியரிடமே பெறலாம். ரொல்கீன் 1939இல் ஸ்கொத்லாந்தின் சென்ற் அன்றூஸ் பல்கலைக் கழகத்தில் ஆற்றிய விரிவுரையில், கதாசிரியன் படைப்பது இரண்டாம் உலகு என்றும், அவ்வுலகின் விதிகளுக்கு இயைய நிகழ்வன அவ்வுலகினுள் உண்மையாகும் என்றும், நம்பிக்கை தளர்ந்த கணத்தில் மாயம் கலைந்துவிடும் என்றும் விளக்கினார். வெல்ஸ் தம் கதைத் தொகுதிக்கு எழுதிய முன்னுரையில், வியப்பான கற்பனை ஒன்றை ஏற்கச் செய்தபின் ஏனையவற்றை மனித இயல்புக்கு ஒத்தனவாகவே வைத்தல் வேண்டும் என்னும் கருத்தைக் கூறினார். ஆகவே, இவ்வகை நூலிற் பறவைநாகம் இருத்தல் குற்றமன்று. பறவைநாகத்தைக் கண்ட மனிதன் அஞ்சாதிருப்பானாயின் அதுவே குற்றம். உலகம் மலையாமை அவ்விடத்து மனித உள்ளத்தின் வழக்கோடு மாறுபடாமையாகப் பொருள்படும்.

இவ்வாறு ஒரு சூத்திரத்தை ஒரு கதையோடு பொருத்திப் பார்க்கும் மாணாக்கன் இரண்டையும் ஒருங்கே கற்கின்றான். கதையின் குறை எது என்று அறிகின்றான். சூத்திரம் எதற்காக எழுந்தது என்றும் அறிகின்றான்.

மாணாக்கர் மேற்கொள்ளத்தக்க முறை

மேற்கூறியவற்றினின்றும் சில விதிகளை வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, நூலை முடிவுவரை படித்தபின்னரே தீர்ப்புக் கூறுக. இடையிற் கைவிட்டால், இன்ன பக்கத்திற் கைவிட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லுக. அதுவும் ஒரு மதிப்புரையே.

இரண்டாவது, பிறர் கருத்தைப் படிக்குமுன் தன் கருத்தை எழுதி வைக்குக. பிறகு ஒப்புநோக்கலாம். முன்னரே பிறர் கருத்தைப் படித்தவனுக்குத் தன் கருத்து எது என்பது பின்னர் விளங்குவதில்லை.

மூன்றாவது, காரணத்தை இடஞ்சுட்டிக் காட்டுக. "சலிப்பூட்டுகின்றது" என்பது உணர்ச்சி, "நாலாம் அதிகாரத்தில் எவரும் எதனையும் தீர்மானிக்கவில்லை, ஆதலின் சலிக்கின்றது" என்பது தீர்ப்பு.

நான்காவது, குணத்தை முன்னும் குற்றத்தைப் பின்னும் கூறி, இரண்டில் மிக்கது எது என்று முடிவு செய்க. இது வள்ளுவர் மனிதரைத் தெரிதற்கு வகுத்த நெறி. நூலைத் தெரிதற்கும் அதுவே போதும்.

ஐந்தாவது, பெயரிட்டு எழுதுக. பெயரில்லாத கருத்துக்குப் பொறுப்பில்லை. பொறுப்பில்லாத கருத்து விரைவிலே வசையாகிவிடும். இன்று ஒரு கருத்தை நொடிப்பொழுதில் ஆயிரம் பேர்க்குப் பரப்பும் கருவி மாணாக்கர் கையில் உண்டு. நட்சத்திரம் ஐந்தில் எத்தனை என்று சுட்டிவிட்டு அகலவும் அதில் வசதியுண்டு. நட்சத்திரம் எண்ணிக்கை, காரணமன்று.

ஆறாவது, நல்ல எதிர்வாதம் கேட்டபின் கருத்தை மாற்றிக்கொள்ள நாணற்க.

இவற்றைச் செயற்படுத்தப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஐந்து மாணாக்கர், ஒரு நூல், மாதத்தில் ஒரு மாலைப்பொழுது போதும். ஐவரும் தத்தம் கருத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கொணர்ந்து உரக்க வாசித்தபின்னரே விவாதம் தொடங்குதல் வேண்டும். அன்றேல் முதலிற் பேசுவோன் கருத்தே ஐவர் கருத்துமாகிவிடும். அப்பக்கங்களைத் தொகுத்தால் ஒரு கையெழுத்துச் சஞ்சிகை உருவாகும். கிளீவ்லன்ட் மாணாக்கர் இருவர் செய்ததும் அதுவே. ஆசிரியர்கள் அக்கூட்டத்தில் இருக்கலாம்; ஆனால் ஈற்றிலே பேசுதல் நன்று. "இந்தக் கதைகளைப் படித்து என்ன பயன்? பாடத்தைப் படி" என்று கடிந்துரைக்கும் பெற்றோர்க்கு, இனிப்புப் பண்டக் கடையில் வாதிட்டு வென்ற சிறுவனின் கதையைக் கூறலாம். அவர் பின்னர் உயிரிரசாயனப் பேராசிரியராயும் விளங்கினார் என்பதையும் சேர்த்துக் கூறினால் வாதம் இன்னும் வலுப்பெறும்.

முடிவுரை

தன் கண்ணாற் கண்டதைத் தன் சொல்லாற் கூறும் துணிவு ஒரே நாளில் வருவதன்று. கதைநூலைப்பற்றிக் கருத்துக் கூறப் பழகியவனே பிற்காலத்தில் நோயாளியின் நிலைபற்றியும், பாலத்தின் உறுதிபற்றியும், நீதிமன்றச் சாட்சியத்தின் உண்மைபற்றியும் அஞ்சாது கருத்துக் கூற வல்லவனாவான். பிறர் தீர்ப்பை மனனஞ் செய்து வளர்ந்தவன் அவ்விடங்களிலும் பிறர் வாயையே நோக்கி நிற்பான். இளமையிற் சிறு பொருளிற் செய்யும் பிழை ஒரு சிலிங்கோடு போகும். முதுமையிற் பெரும் பொருளிற் செய்யும் பிழை அவ்வளவோடு போகாது.

விழாக் கொண்டாடும் இவ்வேளையிற் பழைய மாணவர் கல்லூரிக்குப் பல பரிசில்களை வழங்குவர். கட்டடமும் கருவியும் வேண்டியனவே. அவற்றோடு, தாம் இளமையில் விரும்பிப் படித்த கதைநூல் ஒன்றையும் நூல்நிலையத்துக்கு அளித்து, அதன் முதற் பக்கத்தில் அதனைத் தாம் விரும்பிய காரணத்தை மூன்று வரியில் எழுதிக் கையொப்பமிட்டு வைப்பாராயின், அதனை எடுத்துப் படிக்கும் மாணாக்கன் அவ்வரிகளோடு வாதாடத் தொடங்குவான். அடுத்த முறை அவனை அழைத்து, "தம்பி, நூல் எப்படி?" என்று கேட்போர்க்கு அவன் ஒரு சொல்லோடு நில்லாது ஒரு பக்கம் விடை தருவான். அவ்விடையில் நம் கருத்துக்கு மறுப்பு இருப்பின் மகிழ்வோமாக.